தலையில் ஓட்டை இருந்தால்தான் ஆடும்: கடை வாசல் காற்றுப் பொம்மை ஓர் எளிய விளக்கம்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் கார் பட்டறை நடத்தும் என் தாய்மாமா, பட்டறையின் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக வாசலில் நிறுத்த ஒரு காற்றுப் பொம்மை வாங்கினார். நான் பேனர் அச்சடித்துத் துணி தைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால், பொம்மை வந்த மறுநாளே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உச்சந்தலையில பெருசா ஒரு ஓட்டை இருக்குப்பா. காத்தெல்லாம் அது வழியாவே போயிடுது. நீ வந்து தைச்சுக் கொடுத்துடு" என்றார். அது கிழிசல் அன்று, வேண்டுமென்றே விட்ட திறப்பு என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. கண்ணால் பார்க்கட்டும் என்று, தலைப்பக்கத்தைத் தைக்காமல் கயிற்றால் இறுக்கிக் கட்டி விசிறியை ஓட விட்டேன். மஞ்சள் துணி விறுவிறுவென்று நிரம்பி எழுந்து, ஐந்து மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து, விளக்குக் கம்பம்போல விறைத்து நின்றது. கைகள் மட்டும் இலேசாக நடுங்கின. தெருவில் போன ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை அவிழ்த்ததும் அது இடுப்பை ஒடித்துக் குனிந்தது, துள்ளி நிமிர்ந்தது, பின்பக்கம் சாய்ந்தது, அப்படியே ஆடத் தொடங்கிவிட்டது. மாமா அதன்பின் தையலைப் பற்றிப் பேசவில்லை.

அந்த ஓட்டையைப் புரிந்துகொண்டால் இந்தப் பொம்மையை முழுவதும் புரிந்துகொள்ளலாம் என்பது என் அனுபவம். எந்தத் துணி, எவ்வளவு பெரிய விசிறி, எத்தனை அடி உயரம், மேலே என்ன அச்சிடுவது, எங்கே நிறுத்துவது என்று முதன்முறையாகப் பொம்மை செய்யச் சொல்லும் கடைக்காரர் எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவை, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் இடையே உள்ள கணக்கில்தான் வந்து முடிகின்றன.

முதலில் உறுப்புகளைச் சொல்லிவிடுகிறேன். கீழே ஒரு மின்விசிறி இருக்கும். தொழிலில் அதைப் புளோவர் என்போம். அதன் வாயில் துணிக்குழாயின் அடிப்பகுதியைப் பட்டையாலோ வெல்க்ரோவாலோ இறுக்கிக் கட்டுவார்கள். துணிக்குழாய் நேராக மேலே போய், தோள் அளவில் இரு கைகளாகப் பிரிந்து, தலையில் முடியும். தலை உச்சியிலும், பெரும்பாலான பொம்மைகளில் கைகளின் நுனியிலும், திறப்புகள் இருக்கும். தலைமுடியாகவும் விரல்களாகவும் தொங்கும் துணிக் கீற்றுகள் அழகுக்கு வைத்தவை. உள்ளே கம்பியோ மூங்கிலோ எலும்புக்கூடோ எதுவும் இல்லை. பொம்மையை நிமிர்த்துவதும் காற்று, வளைப்பதும் காற்று.

காற்றால் உப்பும் பொருள்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது தொடக்கநிலையில் உதவும். பிறந்தநாளுக்குக் கட்டும் பலூன் முற்றிலும் மூடியது. ஒரு முறை ஊதிக் கட்டிவிட்டால் போதும். சமூக மன்ற விழாக்களில் பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் காற்றுக் கோட்டை இரண்டாவது வகை. அதற்கு விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் தையல் துளைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காற்று கசியும் என்பதால் உள்ளே அழுத்தம் நிலையாக இருக்கும், அதனால் கோட்டை அசையாது. மூன்றாவது வகையான நம் பொம்மையில் காற்று எங்கும் தங்குவதில்லை. கீழே நுழைந்து மேலே ஓடி வெளியே போய்விடுகிறது. அதை உப்பிய உருவம் என்பதைவிட, துணிக்கரை கட்டிய காற்றாறு என்பதே பொருத்தம்.

எப்படி ஆடுகிறது?

வீட்டு வாசலைக் கழுவும்போது ரப்பர்க் குழாய் எங்கேயாவது மடங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். மடிப்புக்கு அப்பால் தண்ணீர் நின்றுபோகும், மடிப்புக்கு இப்பால் அழுத்தம் ஏறும், பிறகு குழாய் திடீரென்று விடுபட்டுத் துள்ளும். காற்றுப் பொம்மையிலும் அதுவே நடக்கிறது, நொடிக்கு ஒரு முறையோ இரு முறையோ, ஓயாமல்.

விசிறி காற்றைத் தள்ளும்போது குழாய் நிரம்பி எழுகிறது. எழுந்து நின்றவுடன் உச்சியிலுள்ள திறப்பு வழியாகக் காற்று தாராளமாக வெளியேறுகிறது, எனவே உள்ளழுத்தம் குறைகிறது. ஒரு கட்டத்தில், மேல்பாதியின் எடையைத் தாங்கி நிமிர்த்தி வைக்க அந்த அழுத்தம் போதாமல் போகிறது, குழாய் எங்கோ ஓரிடத்தில் மடங்கிச் சாய்கிறது. மடிந்த இடம் ஒரு கதவுபோல அடைத்துக்கொள்வதால் மேலே போக வழியில்லாத காற்று மடிப்பின் கீழே திரள்கிறது. மேலே இருந்த காற்றோ தலை வழியாக வடிந்துவிடுவதால் மேல்பகுதி துவண்டு தொங்குகிறது. பார்க்கிறவர் கண்ணுக்குப் பொம்மை குனிந்து வணக்கம் சொல்வதுபோலத் தெரியும் கணம் இதுதான். பிறகு கீழே திரண்ட அழுத்தம் மடிப்பை உடைத்துத் திறக்கிறது. அடைபட்டிருந்த காற்று ஒரே மூச்சில் மேலே பாய்ந்து, துவண்ட பகுதியைச் சாட்டைபோல வீசி நிமிர்த்துகிறது. நிமிர்ந்த வேகத்தில் அது மறுபக்கமும் சாய்கிறது, உச்சியிலிருந்து பீறிடும் காற்றின் எதிர்விசையும் அதை ஒரு பக்கம் தள்ளுகிறது. இதற்குள் அழுத்தம் மறுபடியும் குறைந்திருக்கும், மடிப்பு இம்முறை வேறோர் இடத்தில் விழும். மடிப்பு எங்கே விழும் என்பதைத் துணியின் சுருக்கம், தெருவில் வீசும் காற்று, முந்தைய ஆட்டத்தின் மிச்ச வேகம் ஆகிய எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பதால், ஒரே அசைவு அப்படியே திரும்ப வருவதில்லை. பெண்டுலத்தைப் பார்ப்பவருக்குச் சிறிது நேரத்தில் அலுத்துவிடும். இதைப் பார்ப்பவரால் அடுத்த அசைவை ஊகிக்க முடியாது என்பதே இதன் விளம்பர வலிமை.

இதை ஐந்து நிமிடத்தில் வீட்டில் செய்தும் பார்க்கலாம். மழைநாளில் கடைத்தொகுதி வாசலில் ஈரக்குடையைப் போட்டுக்கொள்ள நீண்ட பிளாஸ்டிக் உறை தருவார்கள் அல்லவா, அதில் ஒன்று போதும். திறந்த வாயைத் தலைமுடி உலர்த்தும் கருவியின் மூக்கில் ரப்பர் பட்டை போட்டு மாட்டி, சூடில்லாத காற்றை மட்டும் ஓட விடுங்கள். அடிநுனி மூடியிருக்கும்வரை உறை விறைத்து நிற்கும். நுனியில் விரல் நுழையும் அளவு வெட்டினால் இலேசாக நெளியும். முக்கால்வாசி வெட்டினால் எழுந்து விழுந்து ஆடும். முழுவதும் வெட்டிவிட்டால் பலவீனமான கருவியில் அது நிற்கவே திணறும். கைப்பேசியின் மெதுவோட்டப் பதிவில் எடுத்துப் பார்த்தால் மடிப்பு உருவாகி, மேலே நகர்ந்து, விடுபடுவது தெளிவாகத் தெரியும். பொம்மை செய்யச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் காட்டுகிறேன், ஏனென்றால் அதன்பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளே மாறிவிடுகின்றன.

எங்கிருந்து வந்தது?

இதைக் கார் விற்பனையாளர்கள் கண்டுபிடித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒரு திருவிழாக் கலைஞரின் கனவில் பிறந்தது. கரீபியத் தீவு நாடான டிரினிடாட் அண்ட் டொபேகோவின் கார்னிவல் கலைஞர் பீட்டர் மின்ஷல், 1996ஆம் ஆண்டு அட்லான்டா ஒலிம்பிக் போட்டிகளுக்காக, காற்றால் உயர்ந்து தம் ஊர் மக்களைப்போல ஆடும் மாபெரும் மனித உருவங்களைக் கற்பனை செய்தார். அதைத் துணியிலும் விசிறியிலும் நிறைவேற்ற, காற்றால் உப்பும் கலைப்பொருள்களைச் செய்துவந்த இஸ்ரேலியக் கலைஞர் டோரோன் காஸிட் அவருடன் சேர்ந்து உழைத்தார். பின்னர் காஸிட் அதற்குக் காப்புரிமை கோரினார், 2001இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கடைகளின் வாசலுக்கு அது வந்து சேர்ந்தது அந்த ஒலிம்பிக் போட்டிகளுக்குப் பிறகுதான். டிரினிடாட்டில் உயரமான மரக்கால்களில் ஏறி ஆடும் மோகோ ஜம்பி என்ற மரபு உண்டு, மின்ஷலின் படைப்புகளில் அந்த ஆட்டக்காரர்களுக்குத் தனி இடமுண்டு. நம்மிடமும் மரக்கால் ஆட்டமும் பொய்க்கால் குதிரையும் இருப்பதால், கூட்டத்தின் தலைக்கு மேலே ஆடும் ஓர் உருவத்தின் ஈர்ப்பு நமக்குப் புதிதன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதன் பயணம் விளம்பரத்தோடு நின்றுவிடவும் இல்லை. அமெரிக்காவில் பழத்தோட்டக்காரர்கள் சிலர் பறவைகளை விரட்ட இதே பொம்மையைச் சோளக்கொல்லைப் பொம்மையாக வைக்கிறார்கள். மறுபுறம், தெருவின் தோற்றத்தைக் கெடுக்கிறது என்று கருதி ஹியூஸ்டன் மாநகரம் 2008இல் இத்தகைய விளம்பரப் பொருள்களுக்குத் தடை விதித்தது. கண்ணைப் பறிப்பது ஒருவருக்கு வியாபாரம், இன்னொருவருக்குத் தொந்தரவு. இடம் தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் தேவைப்படும்.

துணியும் விசிறியும்

நம் விருப்பப்படி பொம்மை செய்யச் சொல்லும்போது பெரும்பாலோர் முகம், நிறம், உடுப்பு ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறார்கள். நான் எடையிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஐந்து மீட்டர் உயரமும் 45 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள ஒரு குழாய்க்கு ஏறத்தாழ ஏழு சதுர மீட்டர் துணி போகும். சதுர மீட்டருக்கு 50 கிராம் எடையுள்ள மெல்லிய துணியில் தைத்தால் உடல் மொத்தமும் 350 கிராம்தான் வரும். காலையில் வாங்கும் ஒரு ரொட்டியின் எடைகூட இல்லை. இரண்டு மாடி உயரத்தை நெருங்கும் உருவம் அவ்வளவு இலேசாக இருப்பதால்தான் மெல்லிய அழுத்தம் அதைத் தூக்கி விளையாட முடிகிறது. அதே பொம்மையைச் சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள கொடித்துணியில் தைத்தால் எடை இரு மடங்காகும். விசிறி பழையதே என்றால் ஆட்டம் சோர்ந்துபோய், பொம்மை பாதி நேரம் தரையில் கிடக்கும். தொப்பி, மீசை, மாலை, சட்டைப் பை என்று மேல்பகுதியில் ஒட்டுத்துணி சேர்க்கச் சேர்க்க இதே சிக்கல் வரும், ஏனென்றால் உச்சியில் சேரும் எடை மற்ற இடங்களைவிட அதிகமாகக் கீழே இழுக்கும். உடுப்பு வேண்டுமானால் அதை அச்சில் வரையுங்கள், தைத்து ஒட்டாதீர்கள்.

துணியில் நைலானும் பாலியெஸ்டரும் புழக்கத்தில் உள்ளன. இரண்டிலும் கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும் வகையையே வாங்க வேண்டும். சிறிய கிழிசல் விழுந்தாலும் அந்தத் தடித்த இழை அதை மேலே பரவ விடாது. நைலான் இலேசானது, வழுவழுப்பானது, நன்றாக ஆடும், ஆனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெயிலில் விரைவாக நலிந்துவிடும். பாலியெஸ்டர் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். மேலும் வண்ணத்தைச் சூட்டால் ஆவியாக்கி இழைக்குள் இறக்கும் அச்சுமுறை பாலியெஸ்டரில்தான் சரியாகப் பிடிக்கும் என்பதால், முழு உடலிலும் படமோ வடிவமோ வேண்டுமென்றால் பாலியெஸ்டர்தான் வழி. ஒரே நிற உடலும் சில பெரிய எழுத்துகளும் போதும் என்றால் நைலானில் திரை அச்சு செய்துகொள்ளலாம். ஆண்டு முழுவதும் உச்சி வெயில் நேராக இறங்கும் சிங்கப்பூரில், சில நாள் விழாவுக்கு நைலான், அடிக்கடி வெளியே எடுப்பதற்குப் பாலியெஸ்டர் என்று நான் பரிந்துரைக்கிறேன்.

குறுக்களவைப் பற்றி ஒரு கணக்கு. உப்பிய குழாய் வளையாமல் எதிர்த்து நிற்கும் வலிமை, அதன் ஆரத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் (ஆரம் × ஆரம் × ஆரம்) பொறுத்து மாறும். உள்ளழுத்தம் மாறாமல் 18 அங்குலக் குழாயை 12 அங்குலமாகக் குறைத்தால் அந்த வலிமை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கைகள் உடலைவிட எப்போதும் அதிகமாகத் துவள்வதற்கு இதுவும் ஒரு காரணம். மெலிந்த உடல் வேண்டும் என்று கேட்பவர்கள் உயரத்தையும் சேர்த்துக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

விசிறியில் கவனிக்க வேண்டியது, நம் மின்சாரத்துக்குப் பொருந்துகிறதா என்பது. சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று அமெரிக்கச் சந்தைக்குச் செய்த 110 வோல்ட் விசிறியை வரவழைத்து இங்கே நேராகச் செருகினால் அது எரிந்துபோகும். மின்மாற்றி வைத்து வோல்ட்டைச் சரிசெய்தாலும், 60 ஹெர்ட்ஸுக்கென்று வடிவமைத்த மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். விசிறி தரும் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் (வேகம் × வேகம்) பொறுத்தது என்பதால், வேகம் ஆறில் ஒன்று குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ முப்பது விழுக்காடு போய்விடும். பொம்மை ஏன் பாதியிலேயே மடங்கிக் கிடக்கிறது என்று கேட்டு வந்த ஒருவரின் விசிறியைத் திருப்பிப் பார்த்தபோது, ஒட்டியிருந்த தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. மின்செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஒரு குதிரைத்திறன் விசிறி ஏறத்தாழ 750 வாட் எடுத்துக்கொள்ளும். பத்து மணி நேரம் ஓடினால் ஏழரை யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு இரண்டேகால் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

தலைத் திறப்பின் அளவை முன்கூட்டியே மிகச் சரியாகச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அதனால் நான் தைக்கும் பொம்மைகளில் உச்சியில் ஒரு மடிப்புத் தைத்து அதில் நாடா கோத்துவிடுகிறேன். பாவாடை நாடாவைப்போல இழுத்தால் திறப்பு சுருங்கும், விட்டால் விரியும். பொம்மை எழாமல் சோர்ந்தால் நாடாவை இறுக்க வேண்டும், விறைத்து நின்றால் தளர்த்த வேண்டும். நீங்கள் வேறெங்கே செய்யச் சொன்னாலும் இந்த நாடாவைக் கேட்டு வாங்குங்கள்.

தமிழ் எழுத்தை அச்சிடும்போது

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விற்பனைக்காக ஒரு துணிக்கடைக்குப் பொம்மை தேவைப்பட்டது. நாள் நெருக்கடியால் நாங்களே தைக்க முடியாமல் வெளிநாட்டுத் தையற்கூடம் ஒன்றிடம் ஒப்படைத்தோம். 'பொங்கல்' என்ற சொல்லை உடலின் மேலிருந்து கீழாக, எழுத்துக்கு ஓர் அடி என்று அச்சிடச் சொல்லியிருந்தோம். பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்துப் பார்த்தபோது, தலைக்குக் கீழே முதலில் ஒரு கொம்பு தனியாக நின்றது. அதன் பக்கத்தில், புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டம். அதற்குக் கீழே ப. அதற்குக் கீழே ஒரு கால், அதனோடும் ஒரு புள்ளி வட்டம். பிறகுதான் ங், க, ல் ஆகியவை வந்தன. தமிழ் அறியாத வடிவமைப்பாளர் 'பொ' என்பதை ஓர் எழுத்தாகக் கருதாமல் துண்டுகளாக உடைத்து அடுக்கியிருக்கிறார். உயிர்மெய்க் குறியைத் தனியே விட்டால் அதற்கு மெய் இல்லை என்பதைக் காட்டக் கணினி போடும் புள்ளி வட்டத்தையும் அலங்காரம் என்று எண்ணி அப்படியே அச்சடித்துவிட்டார். வாடிக்கையாளர் வந்து பார்ப்பதற்குள், இரவோடு இரவாக முன்பக்கத் துணியை வெட்டி எடுத்துவிட்டு வேறு துணி வைத்துத் தைத்தேன். அந்தக் கொம்பையும் புள்ளி வட்டத்தையும் நான் இன்னும் மறக்கவில்லை. நம் மொழி நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக இருக்கும் நாட்டில், அதை ஐந்து மீட்டர் உயரத்தில் உடைத்துக் காட்டுவதைவிட எழுதாமலே விடலாம்.

ஆகவே, தமிழில் அச்சிட விரும்புகிறவர்கள் எழுத்தைத் தட்டச்சுக் கோப்பாக அனுப்பக் கூடாது. எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாக அனுப்ப வேண்டும். அப்போது அந்தப் பக்கத்துக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் உடையாது. மேலிருந்து கீழாக அடுக்கும்போது கொ, கோ, கௌ போன்றவை ஒவ்வொன்றும் ஒரே படியில் நிற்க வேண்டும், மெய்யெழுத்தின் புள்ளி அதன் தலையைவிட்டுப் பிரியக் கூடாது. தைப்பதற்குமுன் அச்சு மாதிரியின் நிழற்படத்தைக் கேட்டு வாங்கி, தமிழ் படிக்கத் தெரிந்த இருவராவது பார்க்க வேண்டும்.

எழுத்து சரியாக வந்தாலும் படிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஆடும் உடலில் மடிப்பு எங்கே விழும் என்று சொல்ல முடியாததால், எந்த எழுத்து எப்போது மறையும் என்றும் சொல்ல முடியாது. 'பொங்கல்' நான்கே படிகளில் முடிவதால் பிழைக்கும். 'கொண்டாட்டம்' ஆறு படி, அதுவே எல்லை. கடையின் முழுப் பெயர், தொலைபேசி எண், தள்ளுபடி விழுக்காடு எல்லாவற்றையும் ஏற்றச் சொல்கிறவர்களிடம் நான் மறுத்துப் பேசுகிறேன். பொம்மையின் வேலை கண்ணைத் திருப்புவது. திரும்பிய கண் படிப்பதற்கான செய்தி அசையாத இடத்தில் இருக்க வேண்டும். விசிறியைச் சுற்றி இடுப்பளவு உயரத்துக்கு ஒரு துணிப்பட்டை கட்டி, விசிறி காற்றை உறிஞ்சும் பக்கத்தை மறைக்காமல், பெயரையும் செய்தியையும் அதில் எழுதினால் கண் மேலிருந்து கீழே தானாக இறங்கி வந்து படிக்கும். ஒவ்வொரு விழாவுக்கும் பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் செலவும் மிச்சம்.

முகத்துக்கு இரண்டு பெரிய வெள்ளைக் கண்கள், தடித்த கறுப்புக் கோட்டில் ஒரு சிரிப்பு, அவ்வளவு போதும். பச்சை மரங்களும் சாம்பல் நிறக் கட்டடங்களும் சூழ்ந்த நம் சாலைகளில் மஞ்சளும் சிவப்பும் நன்றாக எடுபடும். ஆகஸ்ட் மாதம் வந்தால் தேசியக் கொடியைப் பொம்மையில் அச்சிடச் சொல்லிக் கேட்பார்கள். அனுமதியின்றிக் கொடியை வணிக விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது, அதுவும் தரையில் விழுந்து புரளும் ஒரு பொருளில் அது கூடவே கூடாது. தெய்வ உருவங்களுக்கும் இதையே சொல்வேன்.

எங்கே, எப்போது நிறுத்துவது?

வாங்குவதற்கு முன்பே முடிவாக வேண்டியது இடம். சிங்கப்பூரில் வெளிப்புற விளம்பரங்களுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு கட்டட, கட்டுமான ஆணையத்திடம் இருக்கிறது. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கடைவீடுகளின் முகப்பில் எதைச் செய்வதென்றாலும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டிகளைப் பார்க்க வேண்டும். கடைக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைவழி, பிரிட்டிஷ் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலிருந்தே நடப்பவர்களுக்கென்று ஒதுக்கியது. அதில் விசிறியை வைத்து வழியை அடைக்கக் கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழே உள்ள கடைக்காரர்கள் நகர மன்றத்திடம் கேட்க வேண்டும். ஆகவே லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக் கடைக்காரர் ஒருவர் இந்தப் பொம்மையைக் கேட்டால், உங்களுக்கு இது வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்லிவிடுகிறேன். சொந்த முன்வெளி உள்ள பட்டறை, கிடங்கு, செடிப்பண்ணை, கார் விற்பனைக்கூடம், மைதானத்தில் நடக்கும் விழா ஆகியவற்றுக்கே இது பொருந்தும். அங்கும் இடத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, உரிமம் தேவையா என்று ஆணையத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முறை.

பொம்மை எந்தப் பக்கமும் தன் முழு நீளத்துக்குச் சாயும் என்பதால், ஐந்து மீட்டர் பொம்மைக்குச் சுற்றிலும் ஐந்து மீட்டர் வெற்றிடம் வேண்டும். அந்த வட்டத்துக்குள் மரக்கிளை, தோரண விளக்கு, சாலைத் தடம், பேருந்து நிறுத்தம் எதுவும் இருக்கக் கூடாது. வளைவுக்கு அருகிலும் போக்குவரத்து விளக்கின் பின்னணியிலும் வைக்கவே கூடாது. ஓட்டுநரின் கண்ணைத் திருப்புவதில் இது எவ்வளவு திறமையானது என்பதை மறந்துவிட வேண்டாம்.

வானிலையைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலை வேளையிலும், சுமத்ரா சூறைக்காற்று நம் தீவைக் கடந்து போகும். அப்போது மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். 60 கிலோமீட்டர் வேகக் காற்று, நிமிர்ந்து நிற்கும் ஐந்து மீட்டர் பொம்மையின்மேல் ஏறத்தாழ 25 கிலோ எடைக்கு ஈடான விசையைச் செலுத்தும். விசிறியின் எடையோ பத்துப் பதினைந்து கிலோதான். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். எனவே விசிறியின் நான்கு மூலையிலும் மணல் மூட்டை கட்டுவது கட்டாயம், வானம் கறுத்தால் அணைத்து இறக்கிவிடுவது அதைவிடக் கட்டாயம். எடைக்குத் தண்ணீர் வாளி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும்.

மழையில் ஓட விடவே கூடாது. நனைந்த துணி கனத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், விசிறி தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும். மின்கசிவு ஏற்பட்டால் மின்னோட்டத்தை உடனே துண்டிக்கும் பாதுகாப்பு உள்ள இணைப்பிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்க வேண்டும். நீட்டிப்புக் கம்பி உருளையில் சுற்றியபடியே இருந்தால் சூடேறும் என்பதால் முழுவதும் அவிழ்த்துவிட்டே செருக வேண்டும். பிளக்குகள் இணையும் இடம் தரையில் கிடக்கக் கூடாது.

எத்தனை நாள் நிறுத்தலாம் என்று கேட்பவர்களுக்கு, தொடர்ச்சியாக நான்கைந்து நாளுக்கு மேல் வேண்டாம் என்பது என் பதில். நம் பார்வையின் ஓரம் அசைவைக் கண்டுபிடிப்பதில் கூர்மையானது, அதனால்தான் நேரே பார்த்து நடப்பவரும் திரும்பிப் பார்க்கிறார். ஆனால் தினமும் அதே இடத்தில் அதே பொம்மை ஆடினால் மூளை அதைத் தெருவின் ஒரு பகுதியாக ஒதுக்கிவிடும். தோட்டத்துப் பறவைகளும் அப்படித்தான். சில நாளில் பழகிவிடுவதால் அதை அடிக்கடி இடம் மாற்றி வைக்க வேண்டியிருக்கிறது. மாமாவும் தம் பொம்மையை வார இறுதிகளில் மட்டும் எழுப்புகிறார், மாலை ஏழு மணிக்கு, இருட்டும் நேரத்தில் அணைத்துவிடுகிறார். விசிறியின் இரைச்சல் தூசி உறிஞ்சியின் இரைச்சலைப்போல இருக்கும் என்பதால் அக்கம்பக்கத்துக்கும் அதுவே நல்லது.

அணைத்தபின் துணியை உடனே சுருட்டக் கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் இலேசான நனைவுகூட இரண்டு நாளில் பூஞ்சைப் புள்ளியாகிவிடும். நனைந்திருந்தால், வானம் வெளுத்தபின் விசிறியைக் கால் மணி நேரம் ஓட விட்டு உள்ளும் புறமும் உலர்த்த வேண்டும். பிறகு தலை ஓரத்தைத் தடவிப் பாருங்கள். சாட்டைபோல வீசப்படும் இடம் அதுதான் என்பதால் தையல் முதலில் அங்கேதான் பிரியும். நூல் தொங்கினால் அன்றைக்கே ஒரு தையல் போட்டுவிட்டால் பெரிய கிழிசலாகாது. தலையிலிருந்து அடிப்பக்கமாகச் சுருட்டினால் உள்ளே இருக்கும் காற்று அடிவாய் வழியாக எளிதாக வெளியேறிவிடும். பையில் போடும்போது, அன்றைக்கு எந்த விசிறியில், நாடாவை எவ்வளவு இறுக்கியபோது நன்றாக ஆடியது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். மாமா நாடாவிலேயே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார், அந்தக் கோடு வரும்வரை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் விசிறியைப் போடுகிறார்.